பேதி மாத்திரையை நிறுத்தினால் உடம்பு வீங்குகிறது: கர்ப்பத்தில் புலிமியா பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். இப்போது 14 வாரம். பல வருஷமாகப் புலிமியா, அதாவது வெறித்தீனி தின்றுவிட்டு எடை கூடாமலிருக்க அதை எப்படியாவது வெளியேற்றும் உண்ணும் கோளாறு. சாப்பிட்டதும் வாந்தி எடுப்பது, ராத்திரியில் பேதி மாத்திரை, முகம் உப்பினால் நீர் மாத்திரை. கர்ப்பம் உறுதியான அன்றே ஃப்ளூவாக்ஸெடின் என்ற மனநல மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிட்டீர்கள். பிறகு பேதி மாத்திரையையும் விட்டுப் பார்த்தீர்கள். நாலு நாளில் காலும் முகமும் வீங்கியதும் பயந்துபோய் மறுபடி ஆரம்பித்துவிட்டீர்கள். "யாருக்கும் தெரியாமல் இதை எப்படி நிறுத்துவது?" என்பது கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: குழந்தைக்கு ஏற்கெனவே ஏதாவது செய்துவிட்டேனா? அந்தப் பயத்தோடு மற்ற எதையும் படிக்க முடியாது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்னா, பிசகோடில் போன்ற பேதி மருந்துகள் பெருங்குடலில்தான் வேலை செய்கின்றன. ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. சாதாரண அளவில் எடுத்துக்கொண்ட கர்ப்பிணிகளிடம் பிறவிக் குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை. நீர் மாத்திரைகளில் அதிகம் புழங்கும் ஃபுரோசமைடும் உறுப்புக் குறைபாட்டை உண்டாக்கும் மருந்தாக அறியப்பட்டதல்ல. ஆகவே மாத்திரை நேராகக் குழந்தையிடம் போய் அதைச் சிதைத்திருக்கும் என்று நீங்கள் மனதில் ஓட்டிக்கொண்டிருக்கும் படத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்த ஆய்வுகளெல்லாம் மருந்தை மருந்தாகச் சாப்பிட்டவர்களைப் பற்றியவை. அளவுக்கு மேல், மாதக்கணக்கில் எடுத்தவர்களைப் பற்றிய தரவு மிகக் குறைவு. அதனால் "ஒன்றுமே ஆகாது" என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது.

உறுதியாகத் தெரிந்த ஆபத்து வேறு வழியில் வருகிறது: உங்கள் உடம்பின் நீரும் உப்பும். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூட வேண்டும். நச்சுக்கொடிக்கு ரத்தம் போய்ச் சேர அந்தக் கூடுதல்தான் கை கொடுக்கிறது. வாந்தி, பேதி, நீர் மாத்திரை மூன்றும் அதே நீரைத்தான் வெளியே இறைக்கின்றன. கூடவே பொட்டாசியமும் போகிறது. வாந்தியில் நேராக வெளியேறும் பொட்டாசியம் கொஞ்சம்தான். உடம்பில் நீர் குறைந்ததும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறுகிறது. அதன் பேச்சைக் கேட்டுச் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் விட்டுவிடுகிறது. நீரிழப்பு சரியாகாதவரை பொட்டாசியம் மாத்திரை மட்டும் போட்டுப் பயன் இல்லாமல் போவது இதனால்தான். பொட்டாசியம் இறங்கினால் தசை தளரும், இதயத் துடிப்பு தடுமாறும். எடையைக் குறைப்பதில் இந்த மாத்திரைகளின் பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உணவின் சத்து பெருமளவு சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது, பேதி மருந்து அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்குகிறது. மறுநாள் காலை எடை காட்டும் குறைவு தண்ணீர்தான்.

இப்போது வீக்கம். உங்களைத் திரும்ப மாத்திரைக்குத் தள்ளியது இதுதான். மாதக்கணக்கில் நீர் இழந்து பழகிய உடம்பில் ஆல்டோஸ்டிரோன் உச்சத்தில் நிற்கும். மாத்திரையை நிறுத்தியதும் இழப்பு நின்றுவிடும். ஹார்மோனோ உடனே இறங்காது. அது பழைய வேகத்திலேயே உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக நிரம்பும், காலையில் கண்ணிமை கனக்கும், மோதிரம் இறுகும். இது கொழுப்பு இல்லை, சிறுநீரகக் கோளாறும் இல்லை. உடம்பு பழைய நிலைக்குத் திரும்பும்போது நடக்கும் ஒன்று. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் வடிந்துவிடும். நாலாவது நாள் என்பது வீக்கம் ஏறிக்கொண்டிருக்கும் கட்டம். அப்போது மறுபடி மாத்திரை போட்டால் எண்ணிக்கை முதல் நாளுக்குப் போய்விடுகிறது, அடுத்த முறை நிறுத்தும்போது அதே வீக்கம் காத்திருக்கிறது. இந்தச் சுழலைத் தெரியாமல் வருஷக்கணக்கில் மாத்திரையிலேயே மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. உங்கள் மன உறுதி குறைந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஹார்மோன் இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அது.

ஆனால் இதே வீக்கம் கர்ப்பத்தில் வேறு பொருளும் தரும். 20 வாரத்துக்குப் பிறகு முகமும் கையும் திடீரென வீங்கினால் டாக்டர் முதலில் நினைப்பது ப்ரீஎக்லாம்ப்சியாவை, அதாவது ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போய், ஈரலையும் மூளையையும் பாதிக்கக்கூடிய நிலையை. 14 வாரத்தில் அதற்கு வாய்ப்பு மிகமிகக் குறைவு. நீங்கள் 22-ஆம் வாரத்தில் நிறுத்தியிருந்தால் வீக்கத்தைப் பார்த்து மட்டும் எது என்று சொல்ல முடியாது. பிரஷரும் சிறுநீர்ப் பரிசோதனையும்தான் பிரித்துக் காட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது இந்த வகை வீக்கமே இல்லை, ரத்தக்கட்டா என்று அன்றே பார்க்க வேண்டும்.

"யாருக்கும் தெரியாமல்" என்பதற்கு என்னால் சம்மதிக்க முடியாமல் போவது இந்த இடத்தில்தான். குடும்பத்தில் யாரிடம் சொல்வது என்பது உங்கள் உரிமை. பிரசவ டாக்டரிடம் சொல்லாமல் இருப்பது மட்டும், என் கணிப்பில், நீங்கள் சாப்பிடும் மாத்திரையைவிடப் பெரிய ஆபத்து. ஏன் என்று பாருங்கள். வாந்தி என்று போகிறீர்கள். மசக்கை என்று நினைத்து ஒண்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்தை எழுதித் தருகிறார். பெரும்பாலானவர்களுக்கு அதில் பிரச்சினை இல்லை. ஆனால் அந்த மருந்து ஈசிஜியில் தெரியும் க்யூடி இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் சுருங்கி அடுத்ததற்குத் தயாராகும் நேரத்தை, நீட்டக்கூடியது. பொட்டாசியமும் மக்னீசியமும் குறைவாக இருக்கும் உடம்பில் அதுவே ஆபத்தான துடிப்புக் கோளாறைத் தூண்டலாம். உங்களுக்குப் பொட்டாசியம் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அல்லது களைப்பு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து, சலைனை வேகமாக ஏற்றுகிறார்கள். ஆல்டோஸ்டிரோன் உச்சத்தில் இருக்கும் உடம்பு அதையெல்லாம் பிடித்துக்கொண்டு இன்னும் வீங்குகிறது. தெரிந்திருந்தால் மெதுவாக ஏற்றியிருப்பார்கள். இந்த வீக்கத்துக்குக் கர்ப்பமில்லாதவர்களுக்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோன்கூட ஆண் ஹார்மோனைத் தடுக்கும் தன்மை கொண்டது என்பதால் கர்ப்பத்தில் தவிர்க்கப்படுகிறது. இப்படி ஒவ்வொரு முடிவும் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சொல்வது கஷ்டம். வெட்கம் தொண்டையை அடைக்கும். நீளமாக விளக்கத் தேவையில்லை, சீட்டில் எழுதி நீட்டினாலும் போதும்: "எனக்குப் பல வருஷமா புலிமியா இருக்கு. வாந்தி எடுக்கிறேன். பேதி மாத்திரையும் நீர் மாத்திரையும் நானா வாங்கிப் போடுறேன், பேரும் எண்ணிக்கையும் கீழே எழுதியிருக்கேன். ஃப்ளூவாக்ஸெடினை நிறுத்திட்டேன். பொட்டாசியமும் ஈசிஜியும் பார்க்கணும்." எண்ணிக்கையைக் குறைத்து எழுதாதீர்கள், அதை வைத்துத்தான் கண்காணிப்பை முடிவு செய்வார்கள். மூலிகை டீ, "உடல் சுத்தம்" என்று விற்கும் பொடி இவற்றையும் எழுதுங்கள். பலவற்றில் இருப்பது சென்னாதான். விளக்கெண்ணெய் குடிப்பதுண்டு என்றால் அதையும் சேருங்கள், அது கருப்பையையும் சுருங்கத் தூண்டும். அந்த டாக்டர் கடிந்துகொண்டாலோ "எல்லாம் சரியாகிவிடும்" என்று தட்டிக்கழித்தாலோ, கர்ப்பகால மனநலம் பார்க்கும் மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

பரிசோதனையாகக் கேட்க வேண்டியவை: சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பேட், பைகார்பனேட், கிரியேட்டினின், சர்க்கரை, முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், கூடவே ஈசிஜி. பொட்டாசியம் வழக்கமாக 3.5-க்கு மேல் இருக்கும், கர்ப்பத்தில் சற்று இறங்கியிருக்கலாம். 3-க்குக் கீழே போனால் அன்றே சிகிச்சை, 2.5-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைக் கண்காணித்தபடிதான். மக்னீசியத்தைப் பார்க்காமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அது குறைந்திருந்தால் எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் ஏறாது. பைகார்பனேட் உயர்ந்திருந்தால் வாந்தியும் நீர் மாத்திரையும் காரணம் என்று புரியும். பேதி மட்டுமென்றால் அது தாழ்ந்தும் இருக்கலாம். ஒரு முறை நன்றாக வந்ததால் முடிந்ததென்று இல்லை. நிறுத்தும் வாரங்களில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

நிறுத்தும் முறைக்கு வருகிறேன். ரத்தப் பரிசோதனை முதலில், நிறுத்துவது அதன் பிறகு. ஒரே நாள் இடைவெளியானாலும் இந்த வரிசை முக்கியம். குடலைத் தூண்டும் வகை பேதி மாத்திரையைப் பொதுவாக ஒரேயடியாக நிறுத்திவிட்டு, அதற்குப் பதில் லாக்டுலோஸ் அல்லது மேக்ரோகால் போன்ற, நீரை ஈர்த்து மலத்தை இளக்கும் மருந்துக்கு மாற்றுவார்கள். இவை ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம், கர்ப்பத்தில் தாராளமாகப் பயன்படுபவை. லாக்டுலோஸ் வேலை செய்ய இரண்டு நாள்கூட ஆகும். மறுநாளே போகவில்லையே என்று அளவைக் கூட்டாதீர்கள். இசப்கோல் வகை நார்ப்பொடியை நான் முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன்: போதுமான தண்ணீர் குடிக்காவிட்டால் அது குடலில் அடைத்துக்கொள்ளும், அது தரும் வயிறு நிறைந்த உணர்வே உங்கள் நோய்க்கு வாந்தியைத் தூண்டும். நீர் மாத்திரையை இதயத்துக்கோ பிரஷருக்கோ டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அவரைக் கேட்காமல் தொடாதீர்கள். நீங்களாக வாங்கியதென்றால் இதே கண்காணிப்பில் நிறுத்த வேண்டியது.

முதல் பத்து நாள் கஷ்டமாக இருக்கும். குடல் மந்தமாகிக் கிடக்கும், கர்ப்ப ஹார்மோன் அதை இன்னும் மெதுவாக்கும், இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும். மூன்று நாலு நாள் மலம் போகாமல் இருப்பது இந்தக் கட்டத்தில் எதிர்பார்க்கக்கூடியது. காலை உணவு முடிந்த அரை மணிக்குள் குடல் தானாக அசையும் நேரத்தில், பாதத்துக்கு ஒரு சிறு மணை வைத்து முழங்கால் உயர உட்காருங்கள். வீக்கத்துக்குக் காலைத் தூக்கி வைத்துப் படுங்கள், உப்பை அள்ளிப் போடாதீர்கள். தண்ணீரை மட்டும் குறைக்க வேண்டாம். குறைத்தால் ஆல்டோஸ்டிரோன் மறுபடி ஏறும். வீட்டில் உள்ள எடைக் கருவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த மூன்று வாரத்தில் அது காட்டும் எந்த எண்ணும் குழந்தையைப் பற்றியதுமல்ல, உங்கள் உடல்வாகைப் பற்றியதுமல்ல.

ஃப்ளூவாக்ஸெடின். கர்ப்பம் தெரிந்ததும் மனநல மாத்திரையை நிறுத்துவது பொறுப்பான செயல் என்று தோன்றும். ஆனால் புலிமியாவுக்கு நன்றாக ஆராயப்பட்ட மருந்து அதுதான், ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம் வரை. அது உடம்பிலிருந்து முழுக்க வெளியேறப் பல வாரங்கள் ஆகும் என்பதால், நிறுத்தியதன் விளைவு உடனே தெரியாது. ஒரு மாதம் கழித்து வெறித்தீனியும் வாந்தியும் கூடும்போது, அதை மாத்திரையோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. உங்களுக்கு இப்போது கூடியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், காலக் கணக்கு பொருந்துகிறது. மருந்தின் பக்கம் இருக்கும் ஆபத்து: கர்ப்பத்தின் பிற்பகுதியில் எடுத்தால், பிறந்த குழந்தைக்கு நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் குறையாமல் உயர்ந்தே தொடரும் அபாயம் ஆயிரத்தில் சுமார் 2 என்பது சுமார் 3 ஆகிறது, சில குழந்தைகள் முதல் நாட்களில் நடுக்கம், அழுகை, பால் குடிக்கச் சிரமம் காட்டும், பெரும்பாலும் தானே சரியாகும். இதை ஒரு தட்டில் வைத்து, தினசரி வாந்தியையும் பொட்டாசியச் சரிவையும் மறு தட்டில் வைத்து மனநல மருத்துவர் உங்களோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். பழைய மாத்திரையை நீங்களாக மறுபடி தொடங்க வேண்டாம். அதன் இடத்தில் யாராவது புப்ரோபியான் என்ற இன்னொரு மனநல மருந்தை எழுதித் தந்தால் புலிமியா இருப்பதைச் சொல்லுங்கள். இந்த நோயில் வலிப்பு வரும் அபாயத்தால் அது கொடுக்கக் கூடாத மருந்து.

மருந்தோடு, அல்லது அதற்கு முன்பே, தேவைப்படுவது உண்ணும் கோளாறுக்கென்றே வடிவமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. அதன் முதல் பாடம் எளிமையானது: மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு மூன்று சிறு உணவு, மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயவிடக் கூடாது. வெறித்தீனி மன பலவீனத்தால் மட்டும் வருவதல்ல. காலையில் பட்டினி கிடந்த உடம்பு மாலையில் அதைக் கேட்டு வாங்குகிறது. கடந்த ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே உள்ளே தங்கவில்லை என்றால் மட்டும் வீட்டில் திடீரென நிறையச் சாப்பிடத் தொடங்காதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து முதல் சில நாட்களில் இதயத்தையே பாதிக்கலாம். அந்த நிலையில் தயாமினை (வைட்டமின் பி1) முதலில் கொடுத்துவிட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் மூளை பாதிக்கப்படும்.

வாந்தி ஒரே நாளில் நிற்காது என்பதால் நடைமுறையாகச் சில: வாந்திக்குப் பின் உடனே பல் துலக்காதீர்கள், அமிலத்தில் இளகிய எனாமலைத் தூரிகை சுரண்டிவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு அரை மணி பொறுங்கள். கர்ப்பகால மாத்திரைகளை வாந்தி வராத வேளைக்கு மாற்றுங்கள், பலருக்கு அது படுக்கப் போகும் நேரம். மசக்கை வாந்தியும் நீங்கள் எடுக்கும் வாந்தியும் உங்களுக்கே குழம்பும் நாட்கள் வரும். வேண்டாமென்று நினைத்தும் வந்ததா, வந்தபின் நிம்மதி வந்ததா என்று ஒரு வரி குறித்து வைத்தால் சிகிச்சை தருபவருக்கு அது பெரிய உதவி.

எடை பற்றி இங்கே இலக்கு எண் எதுவும் எழுதப் போவதில்லை. இந்த நோயில் எண் ஆயுதமாகிவிடும். செக்கப்பில் கருவிக்கு முதுகைக் காட்டி நின்று, எண்ணைச் சொல்லாமல் குறித்துக்கொள்ளச் சொல்லலாம். கூடும் எடை எங்கே போகிறது என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும்: குழந்தை, நச்சுக்கொடி, பனிக்குட நீர், வளர்ந்த கருப்பை, கூடிய ரத்தம், மார்பகம், கடைசியாகப் பால் கொடுக்கும் மாதங்களுக்கான கொழுப்பு இருப்பு.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கும் ஒரு வார்த்தை. எடைக்காக செமாக்ளூடைட் ஊசி போடுபவர்கள் கருத்தரிக்கத் திட்டமிட்டால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். தெரியாமல் போட்டிருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள், இதுவரை வந்த தரவு பெரிய குறைபாட்டைக் காட்டவில்லை, ஆனால் அது இறுதியானதும் அல்ல. எடைக்காகவும் சிலர் எடுக்கும் வலிப்பு மருந்தான டோபிரமேட், குழந்தைக்கு உதட்டுப் பிளவு அபாயத்தைக் கூட்டும். வலிப்புக்காக எடுப்பவர் மட்டும் தானாக நிறுத்தக் கூடாது. பெயர் தெரியாத இளைப்பு மாத்திரைகளில், 2010-ல் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்ட சிபுட்ரமின் என்ற பசியடக்கி மறைத்துக் கலக்கப்பட்டு அகப்பட்டிருக்கிறது. அட்டையோடு டாக்டரிடம் கொண்டு போங்கள். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர் எடைக்காக இன்சுலினைக் குறைப்பது இவை எல்லாவற்றிலும் மோசமானது. கர்ப்பத்தில் சர்க்கரை அவ்வளவாக ஏறாமலே ரத்தம் அமிலமாகிவிடும், குழந்தை இறந்துபோகக்கூடும்.

இந்த நோயோடு நடந்த கர்ப்பங்களைப் பற்றி, ஸ்வீடன் நாட்டு மருத்துவப் பதிவேடுகளை வைத்து 2020-ல் ஓர் ஆய்வு வெளியானது. கடும் வாந்தி, ரத்தசோகை, குறைமாதப் பிரசவம், சிறிய தலை ஆகியவை உண்ணும் கோளாறு உள்ளவர்களிடம் கூடுதலாக இருந்தன. அவை கூட்டத்தின் சராசரி, உங்கள் குழந்தையின் ஜாதகம் இல்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, வளர்ச்சி ஸ்கேனை அடிக்கடி கேட்பது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்: மயக்கம், படபடப்பு, கைகால் தளர்ச்சி, ரத்த வாந்தி, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, பார்வை இரட்டையாகத் தெரிதல் அல்லது நடை தள்ளாடுதல், குழப்பம், பிறப்புறுப்பில் ரத்தம், 20 வாரத்துக்குப் பிறகு கடும் தலைவலி, கண்ணில் மின்னல், வலது மேல் வயிற்று வலி. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலும் அதே அவசரப் பிரிவுதான், அன்றே, கூட ஒருவரோடு. எழுத்தை மட்டும் பார்த்து உங்கள் பொட்டாசியம் எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது, நாளைக்குள் அதைப் பாருங்கள்.

இன்னும் ஒன்று, இப்போதே குறிப்பேட்டில் ஏற்ற வேண்டியது. பலர் கர்ப்பத்தில் நிறுத்திவிட்டு, பிரசவத்துக்குப் பின் வரும் மாதங்களில் மறுபடி விழுகிறார்கள். தையலோ சிசேரியனோ ஆனால் மலம் இளகப் பேதி மருந்து கொடுத்து அனுப்புவது பல இடங்களில் வழக்கம். கொடுப்பவருக்கு உங்கள் நோய் தெரியாது. "தூண்டும் வகை வேண்டாம், லாக்டுலோஸ் மட்டும், ஒரு வாரத்துக்கு அளந்து" என்று பிரசவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். மனநல மருத்துவரைப் பார்க்கும் முதல் தேதியையும், குழந்தை பிறந்து இரண்டு வாரத்துக்குள் வரும்படி, 36-ஆம் வாரத்திலேயே வாங்கி வையுங்கள்.